முதல் கெஜம்

1946 ஆகஸ்டு. ஒஹையோ மாநிலத்தின் பவுலிங் கிரீன் என்ற சிற்றூரில், புதிதாகத் தொடங்கியிருந்த கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சி முகாம். பில் வில்லிஸ் என்ற கறுப்பின இளைஞர் கையில் ஒப்பந்தம் ஏதுமில்லாமல் வாய்ப்புக் கேட்டு வந்து நின்றார். உயரம் ஆறடி இரண்டங்குலம், எடை 213 பவுண்டு. நம் கணக்கில் 97 கிலோ. தற்காப்பு வரிசையின் நட்ட நடுவில் நிற்கிறவனுக்கு அந்தக் காலத்திலேயே அது போதாத எடை. பயிற்சியாளர் பால் பிரவுன் அவரை, பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுக்கும் சென்டருக்கு நேர் எதிரே நிறுத்தினார். அந்த சென்டர் மோ ஸ்கேரி, ராம்ஸ் அணியில் ஆடிப் பழுத்தவர். பந்து அசைந்தபோது வில்லிஸ் அவரைக் கடந்து உள்ளே போயிருந்தார். திரும்பவும் நிறுத்தினார்கள், திரும்பவும் அப்படியே. பந்து எழும் முன்பே கோட்டைத் தாண்டுகிறான், ஆஃப்சைடு என்று ஸ்கேரி முறையிட்டார். பயிற்சியாளர்கள் கோட்டருகே குனிந்து, கண்ணைத் தரை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஆஃப்சைடு இல்லை. பந்தோடு சேர்ந்தேதான் அந்த மனிதர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

பந்தைத் தரப்போகும் நொடியில் ஸ்கேரியின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தன, நான் அந்த விரல்களைப் பார்த்துக் கிளம்பினேன் என்று வில்லிஸ் பிற்பாடு சொன்னார். 1934 முதல் 1945 வரை மேல்மட்டத் தொழில்முறைக் கால்பந்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. 1946ல் அந்தக் கதவை உடைத்தவர்கள் நால்வர்: ராம்ஸ் அணியில் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும், பிரவுன்ஸ் அணியில் மரியன் மோட்லியும் வில்லிஸும். 1977ல் வில்லிஸ் கான்டன் நகரில் உள்ள புகழ் மன்றத்தில் இடம்பெற்றார். பேஸ்பாலில் அதே கதவை உடைத்த ஜாக்கி ராபின்சன் வந்தது இந்த நால்வருக்கு அடுத்த ஆண்டு, 1947ல்தான். ஆனாலும் ராபின்சனின் பெயர் தெரிந்த பலருக்கு வில்லிஸின் பெயர் தெரியாது. எனக்கு அது தீராத ஆதங்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் ஆள் தேடும் தொழிலின் கதையை யாராவது என்னிடம் கேட்டால் அந்தக் குனிந்த தலைகளிலிருந்துதான் தொடங்குவேன். உருவம் சிறுத்த, ஆனால் வெடித்துக் கிளம்புகிற லைன்மேன், அதாவது கோட்டில் நின்று மோதுபவன், ஒவ்வொரு தலைமுறையிலும் வந்திருக்கிறான். குனிந்து பார்க்க ஆள் இருந்த இடத்தில் மட்டும் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

நான் பிட்ஸ்பர்கின் கிழக்குப் புறநகரில் வசிக்கிறேன். இந்த ஆட்டம் எனக்கு மகன் மூலமாக வந்தது. அவன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசித்தான். இலையுதிர் காலத்தின் வெள்ளிக்கிழமை இரவுகளில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் பாடமே அவர் சொன்னதுதான்: "பந்தைப் பார்க்காதே. பந்து எங்கே போயிற்று என்று கூட்டமே உனக்குச் சொல்லிவிடும். நீ கோட்டைப் பார்."

கோட்டின் இருபுறமும் கையைத் தரையில் ஊன்றிக் காத்திருக்கிறார்கள். பந்து எப்போது எழும் என்பது தாக்கும் அணிக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கான குரல் அவர்களுடையது. தடுக்கும் அணிக்குத் தெரியாது. இந்த அநியாயத்தை ஈடுகட்ட ஒரே வழி முதல் அடியின் வேகம். எதிராளி நிமிர்ந்து, கையை நீட்டி, காலை அகட்டி நிலைகொள்வதற்குள் அவன் நெஞ்சுக்குக் கீழே போய்விட வேண்டும். போய்விட்டால் அவனுடைய முந்நூறு பவுண்டு அவனுக்கே பாரம். தாழப் போகிறவன் ஜெயிப்பான் என்று இங்குள்ள பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்வார்கள். குட்டையானவன் பிறவியிலேயே தாழ இருக்கிறான். வாடிவாசலில் காளை வெளியே வரும் அந்த முதல் தாவலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அங்கேயும் அதன் திமில் உயரத்தை யாரும் அளந்துகொண்டிருப்பதில்லை.

தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. கரும்பலகையில் 90 பெயர்கள் இருந்தன. அணிகளுக்கென்று ஆள் தேடும் ஸ்கவுட் யாரும் கிடையாது. நியூயார்க் ஜயன்ட்ஸ் உரிமையாளரின் மகன் வெலிங்டன் மாரா வெளியூர்ப் பத்திரிகைகளை வரவழைத்துப் படித்துப் பெயர்களைக் குறித்து வைப்பார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். பத்திரிகையில் பெயர் வருவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனுக்கு. கோட்டில் முட்டி மோதுபவனைப் பற்றி யார் எழுதுவார்கள்? பத்து ஆண்டுகள் கழித்து ராம்ஸ் அணியின் உரிமையாளர் டான் ரீவ்ஸ், எடி கோட்டல் என்பவரை முழுநேரமும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். முழுநேர ஸ்கவுட் என்று பெரும்பாலோர் முதலில் குறிப்பிடுவது கோட்டலைத்தான். அவர் லூயிசியானாவின் கிராம்ப்ளிங் என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போய் டேங்க் யங்கரைக் கண்டார். 1949ல் யங்கர் ராம்ஸ் சீருடை அணிந்தபோது, கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தேசியக் கால்பந்து லீகுக்கு வந்த முதல் ஆள் ஆனார்.

பள்ளிகளில் தேடுவது வேறு உலகம். அதை எங்கள் பக்கத்து எஃகு ஊர்கள் நன்றாக அறியும். அலிக்விப்பாவிலிருந்து மைக் டிட்கா, பீவர் ஃபால்ஸிலிருந்து ஜோ நேமத், மனோங்கஹேலாவிலிருந்து ஜோ மான்டானா என்று ஆலைப் புகை படிந்த ஊர்களிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் ஊரில் டாக்டராகவோ கடைக்காரராகவோ இருப்பார். நல்ல பையன் கண்ணில் பட்டால் தன் கல்லூரிப் பயிற்சியாளருக்குக் கடிதம் எழுதுவார். அதன்பின் உதவிப் பயிற்சியாளர் காரில் வந்து இறங்குவார். பள்ளியின் 16 மில்லிமீட்டர் ஃபிலிம் அலுவலகச் சுவரில் ஓடும். பையனின் வீட்டுச் சமையலறையில் அம்மாவோடு பேச்சு நடக்கும். அம்மா சம்மதிக்காத வீட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் ஜெயித்ததில்லை என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார். வந்தவர் முதலில் கேட்பது உயரமும் எடையும். சில கெட்டிக்காரர்கள் மட்டும் இன்னொன்றும் கேட்பார்கள்: குளிர்காலத்தில் பையன் மல்யுத்தம் செய்கிறானா? தாழக் குனிந்து ஒருவனைத் தூக்கிப் புரட்டத் தெரிந்தவன் கோட்டிலும் அதைச் செய்வான் என்பது அவர்கள் கணக்கு.

இந்தத் தொழிலுக்குள் கணினி வந்த கதையில் ஓர் இந்தியர் இருக்கிறார். 1960ல் டாலஸ் கவ்பாய்ஸ் அணி தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பில் டெக்ஸ் ஷ்ராம் இருந்தார். ஆள் தேடும் பொறுப்பு கில் பிராண்டுக்கு. அவர் அதற்கு முன் மில்வாக்கியில் குழந்தைகளைப் படமெடுக்கும் போட்டோகிராபர். ஸ்கவுட்டுகளின் சொந்த விருப்பு வெறுப்பு முடிவுகளைக் கெடுக்கிறது என்று ஷ்ராம் நினைத்தார். ஐபிஎம்மின் கிளை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சலாம் குரேஷி என்ற புள்ளியியல் அறிஞரைப் பிடித்தார். அலிகாரில் படித்தவர், கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். அவருக்குக் கால்பந்து தெரியாது, இவர்களுக்குக் கணினி தெரியாது. ஆட்டக்காரனிடம் பார்க்க வேண்டியவை என்று சொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான குணங்களைச் சலித்துச் சலித்து, உயரம், எடை, ஓட்ட வேகம் போக ஐந்தே தலைப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். நற்குணம், போட்டி மனம், கூர்ந்த புத்தி, துடிப்பும் உடலை ஆளும் திறனும், வலிமையும் வெடித்துக் கிளம்பும் சக்தியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஐந்தாவது. அறுபதுகளிலேயே, ஒரு பெட்டி அளவு கணினியைக்கூடக் கண்டிராத காலத்தில், முதல் பாய்ச்சலுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டத்தில் எண்ணை நிரப்ப வேண்டியவர் மைதானத்தில் நிற்கும் ஸ்கவுட். அவர் மேலே, பத்திரிகையாளர் அறையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கீழே நின்று பார்த்திருந்தால் அதைப் போல விலைமதிப்பற்ற எண் வேறில்லை. குரேஷி இதை அறிந்திருந்தார் என்றே நம்புகிறேன். ஸ்கவுட்டுகள் ஒரே சொல்லை ஒரே பொருளில் பயன்படுத்தும்படி கேள்வித்தாளை அமைக்கத்தான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள்.

பிட்ஸ்பர்கில் வேறொரு வழி நடந்தது. 1963ல் லயன்ஸ், ஈகிள்ஸ், எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் மூன்று அணிகளும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு கூட்டு ஸ்கவுட்டிங் அமைப்பைத் தொடங்கின. பிறகு பேர்ஸும் சேர, அது பிளெஸ்டோ ஆனது. ஸ்டீலர்ஸின் பழைய ஆட்டக்காரர் ஜாக் பட்லர் நாற்பதாண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். ஆனால் ஊரின் பெருமை என்று நான் சொல்வது பில் நன்னைத்தான். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் விளையாட்டுச் செய்தியாளர் அவர். மற்றப் பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத தெற்கத்திய கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களை ஆண்டுதோறும் போய்ப் பார்த்து, அவற்றின் சிறந்த அணியைப் பட்டியலிட்டு வெளியிட்டவர். அறுபதுகளின் கடைசியில் ஸ்டீலர்ஸ் அவரை ஸ்கவுட்டாக அழைத்துக்கொண்டது. 1969ல் ஆர்கன்சாவின் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து பத்தாவது சுற்றில் எல்.சி. கிரீன்வுட் வந்தார். நெட்டையானவர், ஆனால் தற்காப்பு வரிசைக்கு மெலிந்தவர். 'எஃகுத் திரை' என்று உலகம் சொன்ன வரிசையின் ஒரு முனை அவர்தான்.

நன்னின் வேலைமுறைக்கு 1974ல் நடந்த ஒன்று சாட்சி. அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற பையனை ஓடவிட்டுப் பல அணிகளின் ஸ்கவுட்டுகள் நேரம் பார்த்தார்கள். தரை ஈரமாக இருந்தது, நேரம் மோசமாக வந்தது, எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி நன் மட்டும் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் அதே பையனை ஓடவிட்டார். ஸ்டால்வொர்த் இன்று புகழ் மன்றத்தில் இருக்கிறார். 2021ல் நன்னும் அங்கே சேர்க்கப்பட்டார். அப்போது அவர் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எடையைப் பற்றிய இந்தத் தொழிலின் பிடிவாதத்துக்கு நான் எப்போதும் ஆலன் பேஜைத்தான் எடுத்துச் சொல்வேன். கான்டன் நகரத்துப் பையன். புகழ் மன்றக் கட்டடம் எழும்பியபோது அங்கே கூலி வேலை செய்தவர். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் 245 பவுண்டு எடையோடு ஆடினார். 1971ல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. பின்னாளில் நெடுந்தூர ஓட்டத்தில் மனம் வைத்து எடையை 225 வாக்கில் இறக்கினார். 1978ல், பருவத்தின் நடுவில், வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் வெறும் 100 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது. அதன்பின் அங்கே 1981 வரை ஆடினார். ஆடிக்கொண்டே சட்டம் படித்துத் தேறி, 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். 225 பவுண்டு மனிதர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிகாகோவின் நடுவரிசையில் நின்றார் என்பதை எடைக்கல் எப்படி விளக்கும்?

எண்பதுகளில் எல்லாரும் பெருத்தார்கள். பேஜ் ஆடிய காலத்தில் 300 பவுண்டுக்காரன் அபூர்வம். இன்று தாக்கும் வரிசையில் அதற்குக் குறைந்தவனைப் பார்ப்பது அரிது. 1982ல் ஆட்டக்காரர்களை ஒரே இடத்தில் கூட்டி அளக்கும் முகாம் ஃபுளோரிடாவின் டாம்பாவில் தொடங்கியது. 1987லிருந்து அது இண்டியானபோலிஸில் நடக்கிறது. அளவுகோலும் தராசும் ஸ்டாப்வாட்சும் அரசாண்ட காலம். அந்தக் காலத்தில்தான் ஜான் ரேண்டில் வந்தார். டெக்சஸின் ஹெர்ன் ஊர்ப் பையன், உயரம் ஆறடி ஒன்று, படித்தது பெரிய அணிகள் எட்டிப் பார்க்காத டெக்சஸ் ஏ அண்ட் ஐ கல்லூரி. 1990 டிராஃப்டில் பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அண்ணன் ஆடிய டாம்பா பே அணியும் சின்னவன் என்று திருப்பி அனுப்பியது. வைக்கிங்ஸ் எடை பார்க்கக் கூப்பிட்டபோது உடைக்குள் சங்கிலியைச் சுற்றி மறைத்துக்கொண்டு தராசில் ஏறினார். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதற்கு சாக் என்று பெயர்; அந்த மனிதரின் கணக்கில் 137.5 சாக். 2010ல் புகழ் மன்றத்தில் நின்றார்.

இன்னொரு கிளை தெற்கே வளர்ந்தது. ஜிம்மி ஜான்சன் தானே 1964ன் தேசியப் பட்டம் வென்ற ஆர்கன்சா பல்கலைக்கழகத் தற்காப்பு வரிசையில் ஆடிய சிறிய ஆள். மயாமி பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளரானதும் பள்ளிப் பையன்களை ஒரு படி முன்னால் நகர்த்தினார்: பின்களத்தில் ஆடியவனைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னே நிற்கும் லைன்பேக்கர் ஆக்கு, லைன்பேக்கரைக் கோட்டில் நிறுத்து. எடை பிறகு சேரும், வேகம் பிறகு சேராது என்பது அவர் நம்பிக்கை. டாலஸுக்குப் போனபோதும் அதைக் கைவிடவில்லை. இரண்டு இடத்திலும் அவருடைய தற்காப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் டேவ் வான்ஸ்டெட், எங்கள் பால்ட்வின் பள்ளியில் படித்தவர். 2005ல் அவர் ஊர் திரும்பி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அதற்குள் பள்ளிப் பையன்களைத் தேடுவது தனி வியாபாரமாகியிருந்தது. எழுபதுகளின் இறுதியில் சிகாகோவின் டாம் லெமிங் காரை எடுத்துக்கொண்டு நாடு முழுதும் பள்ளிப் பள்ளியாகப் போய்ப் பையன்களை நேரில் பார்த்து அறிக்கை வெளியிட்டார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். பிறகு இணையம் வந்தது; இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு முத்திரை குத்தத் தொடங்கினார்கள். மேல்மட்டக் கல்லூரி அணிக்கு நெடுங்காலம் 85 உதவித்தொகைகள்தான் அனுமதிக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்றைக் குட்டைப் பையனுக்குக் கொடுத்து அவன் சோபிக்காமல் போனால் உதவிப் பயிற்சியாளரின் வேலைக்கே ஆபத்து. ஆறடி ஐந்தங்குலப் பையன் சோபிக்காமல் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்று போய்விடும். சின்ன லைன்மேனுக்கு எதிராக நிற்பது இந்தப் பயம்தான், அறியாமை அல்ல. அதனாலேயே எனக்கு அதன் மேல் கூடுதல் கோபம்.

பிட்ஸ்பர்கின் கிழக்கே உள்ள பென் ஹில்ஸின் பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. எழுபதுகளில் இங்கு குன்றின் மேல் எழும்பிய வெங்கடேஸ்வரர் கோயில், இந்த நாட்டில் நம் முறைப்படி கட்டப்பட்ட ஆரம்பகாலக் கோயில்களில் ஒன்று. பல மாநிலங்களிலிருந்து நம்மவர்கள் வந்து போகிறார்கள். அதே ஊரின் உயர்நிலைப் பள்ளியில்தான் ஏரன் டொனால்ட் படித்தார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பா வீட்டு நிலவறையில் எடைப் பயிற்சிக்கூடம் அமைத்து, பொழுது விடியுமுன் மகனை எழுப்பிப் பயிற்சி கொடுத்தார். பள்ளியில் அந்தப் பையன் செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். தேசியப் பட்டியல்காரர்கள் கொடுத்தது மூன்று நட்சத்திரம். காரணம் உயரம். பெரும் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை திரும்பிப் பார்க்கவில்லை. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம், வான்ஸ்டெட்டின் பிட், 2010ல் சேர்த்துக்கொண்டது.

2013ல் கல்லூரித் தற்காப்பு ஆட்டக்காரருக்கும் லைன்மேனுக்கும் உரிய நான்கு பெரிய விருதுகள் அவருக்கு வந்தன. நகர்ஸ்கி, பெட்னாரிக், அவுட்லாண்ட், லொம்பார்டி. 2014 பிப்ரவரியில் இண்டியானபோலிஸில் அளந்தபோது ஆறடி ஒன்றுக்குக் கால் அங்குலம் குறைவு, 285 பவுண்டு. நாற்பது கெஜத்தை 4.68 விநாடியில் ஓடினார். 225 பவுண்டு இரும்பை 35 முறை தூக்கினார். அப்போதும் அவருக்கு முன்னால் பன்னிரண்டு பெயர்கள் போயின. பதின்மூன்றாவதாக ராம்ஸ் எடுத்தது, எடி கோட்டலைச் சாலையில் அனுப்பிய அதே ராம்ஸ். பத்துப் பருவங்கள், 111 சாக், பத்து முறையும் புரோ பவுல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, 2017, 2018, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர். 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக்கைப் பிடித்துச் சுழற்றி ஆட்டத்தை முடித்து வைத்தவரும் அவர்தான். 2024 மார்ச்சில் ஓய்வுபெற்றார்.

அவருக்குப் பிறகு தொழில் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. மயாமியிலிருந்து பிட்டுக்கு வந்த கலிஜா கேன்சி டொனால்டைப் போலவே உருவம் சிறுத்தவர். நாற்பது கெஜம் 4.67 விநாடி. 2023ல் முதல் சுற்றில், பத்தொன்பதாவதாக, டாம்பா பே அவரை எடுத்தது. அண்ணனுக்காகக்கூட ரேண்டிலுக்கு இடம் தராத அதே அணி. பள்ளி மட்டத்தில் அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை. பட்டியல்களின் மேல்வரிசையில் இன்றும் நெட்டைப் பிள்ளைகளே நிற்கிறார்கள்.

ஆகவே கோயிலுக்கு வரும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். செப்டம்பர், அக்டோபரில் வெள்ளிக்கிழமை வந்தால் மாலையில் இந்தப் பக்கத்துப் பள்ளி மைதானம் ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். கட்டணம் சில டாலர்தான். மேலே ஏறாமல் கீழ் வரிசையில், கோட்டுக்கு நேராக உட்காருங்கள். குட்டையான ஒரு பையனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பந்து அசையும்போது அவன் கால் அசைகிறதா, இரண்டாவது அடி முதல் அடியைவிடத் தாழ்ந்து விழுகிறதா, எதிராளியின் கை அவன் மேல் படுமுன் இவன் கை அவன் மேல் பட்டுவிட்டதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் இறங்கிப் போய் அவனுடைய பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்கும். ஆனாலும் வெளியாள் ஒருவர் சொன்னார் என்பதை அடுத்து வரும் ஸ்கவுட்டிடம் அவர் நிச்சயம் எடுத்துச் சொல்வார்.